ஐந்து படகும் டொக்கு

இந்த உலகத்தில் இருக்கிற பொருள்கள் அத்தனையும் இரண்டே வகைதான் என்று கண்டுபிடித்தவர் எங்கள் டொக்கு அண்ணன். தட்டினால் 'டிங்' என்பது ஒரு வகை, 'டொக்' என்பது இன்னொரு வகை. முதலாவதை வைத்துக்கொள்ளலாம், இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டும். விருத்தாசலத்தில் அவருடைய விரல்முட்டி படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது மணிமுத்தாற்றுத் தண்ணீர்தான். தண்ணீர் ஓடாத மாதங்களில் மணலைத் தட்டிப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. நேரில் பார்க்காததை நான் எழுதுவதில்லை.

எங்கள் செராமிக் யூனிட்டில் அவருக்குச் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வருகிற பியூஸ் கட்டை, டீக் கோப்பை, சோப்பு டப்பா, பொம்மை எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் டெஸ்பாட்சில் இருக்கும் என்னிடம் வரும். இடது கையால் ஒன்றைத் தூக்குவார். வலது கை நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. காதைக் கொஞ்சம் சாய்ப்பார். நன்றாக வெந்த பீங்கான் கிண்ணென்று பாடும். விரிசல் விட்டது தொண்டை கட்டியவன் மாதிரி முனகும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கூட அந்தக் காதுக்குத் தப்பாது. முனகினால் "டொக்கு" என்று சொல்லிவிட்டு இடப்பக்கக் கூடையில் போடுவார். வேலை நேரத்தில் அவர் வாயிலிருந்து வருகிற ஒரே சொல் அது என்பதால் அதுவே பெயராகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் சங்கு ஊதிய பிறகும் அந்த விரல் வீட்டுக்குப் போகாது.

வேப்பூர் கூட்டு ரோட்டில் ஒரு முறை தர்பூசணி வாங்க நின்றோம். அண்ணன் குவியலின் ஒரு மூலையிலிருந்து தட்டத் தொடங்கினார். "டொக்கு... டொக்கு... இது பரவால்ல... டொக்கு..." காரை நிறுத்தியவர்கள் எல்லாம் அவர் 'பரவால்ல' என்ற பழத்துக்காக வரிசையில் நின்றார்கள். முக்கால்வாசிக் குவியல் அநாதையானது. வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, பெருசா ஒண்ணு ஓசியா தரேன், எடுத்துக்கினு கெளம்புங்க. அதோ எதிர்ல ஒருத்தன் கடை போட்டிருக்கான் பாருங்க, அங்க போயி நல்லா நிதானமா தட்டுங்க."

பல் டாக்டரிடம் போனபோது நான்தான் துணைக்குப் போனேன். டாக்டர் சிறிய சுத்தியலை எடுத்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இருங்க டாக்டரு. நானே சொல்லிடறேன்." வாயைத் திறந்து, விரலை மடக்கி, வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். "கீழ் வரிசை, சோத்துக்கை பக்கம், கடைசிக்கு முந்தினது. டொக்கு." டாக்டர் நம்பாமல் எக்ஸ்ரே எடுத்தார். கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தைய பல். அந்த டாக்டர் அதற்குப் பிறகு அண்ணனை வழியில் பார்த்தால் வண்டியை மெதுவாக்கி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

கம்மாபுரத்துப் பக்கம், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுப் புது இடத்தில் வீடு கட்டினார் எங்கள் சூளைப் பிரிவுக்காரர் ஒருவர். கிரகப்பிரவேசத்தில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் குனிந்து தரையைத் தட்டிக்கொண்டு நடந்தார். ஹோமப் புகைக்கு நடுவிலிருந்து ஒரு குரல்: "பதினாலு டைல்ஸ் டொக்கு!" வீட்டுக்காரர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. மேஸ்திரி சாப்பாட்டுப் பந்தியில் உட்காராமலே நழுவினார். பெயர்த்துப் பார்த்தபோது பதினான்குக்கும் அடியில் சிமெண்டே இல்லை. நான் எண்ணினேன்.

ஆக, அண்ணன் தப்புச் செய்ததே இல்லை என்பதுதான் பிரச்சினை. அந்தமானுக்குப் போகும்வரை.

அந்தமான் கதைக்கு முன்னால் பிலோமி அக்காவைச் சொல்ல வேண்டும். அண்ணனுடைய மனைவி. எங்கள் யூனிட்டிலேயே வர்ணம் தீட்டும் பிரிவில் இருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக அவர் அதிகமாகத் தீட்டியது ஒரு மீன் சோப்பு டப்பா. எந்தக் காலத்திலோ யாரோ கொடுத்த மாதிரிப் படம். உடம்பு பச்சை, கன்னத்தில் ரோஸ் கோடு, துடுப்பில் நீலம், வாலோரம் மஞ்சள், உதட்டில் லிப்ஸ்டிக் போட்ட மாதிரி ஒரு சிவப்பு. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இப்படி ஒரு மீன் இருக்குதா?" அக்காவின் நாத்தனார் மட்டும் கேள்வியாகக் கேட்கமாட்டார். "எங்க அண்ணி மீனுக்குச் சிங்காரம் பண்ற வேல பாக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அக்காவுக்கு இது உறுத்தல். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் என்னிடம் சொன்னார்:

"தம்பி, மீன் மார்க்கெட்ல எல்லாம் தேடிட்டேன். கெளுத்தி, விரால், கெண்டை, எல்லாம் மண்ணு கலரு. ஆண்டவரு இப்படி ஒரு மீனைப் படைச்சிருக்காரா, இல்ல படம் போட்டவன் போதையில போட்டானா, எனக்குத் தெரிஞ்சாவணும். இத்தினி வருஷமா பொய்யி அடிச்சிட்டு இருக்கறேனோன்னு இருக்குது."

"போன்ல பாக்கலாமேக்கா."

"போன்ல யானைக்கு ரெக்கை முளைக்குது தம்பி. நான் கண்ணால பாக்கணும்."

போன வருடம் யூனிட் வெள்ளி விழாவுக்கு முதலாளி எட்டுப் பேரைச் சுற்றுலா அனுப்பினார். ஊட்டியா அந்தமானா என்று ஓட்டெடுப்பு. அக்கா ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் அந்தமானுக்கு ஓட்டுச் சேகரித்தார். பவளப்பாறைக்கு மேலே முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாய் வைத்து மிதந்தால் கீழே எல்லா மீனும் தெரியுமாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்நார்க்கெலிங் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "கொழா வெச்சி மீன் பாக்கறது" என்றார். ஊட்டி இரண்டே ஓட்டில் தோற்றது. பயண ஏற்பாட்டை என் தலையில் கட்டினார்கள். தினமும் குறிப்பேடு எழுதுகிறவன் என்பதால் அண்ணன் என்னை 'டைரி' என்றுதான் கூப்பிடுவார்.

சென்னையில் விமானம் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது. வாசலில் கால் வைத்தவர், பக்கச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்தார். முகம் வெளுத்தது.

"டொக்கு," என்று திரும்பி நடக்கப் பார்த்தார்.

பின்னால் அக்கா இரண்டு கைகளையும் அவர் முதுகில் வைத்து உள்ளே தள்ளினார். "உள்ள போங்க. இது சோப்பு டப்பா இல்ல."

பணிப்பெண் சிரித்த முகம் மாறாமல் "எனி ப்ராப்ளம் சார்?" என்றார். அண்ணன் ரகசியமாகத் தமிழிலேயே சொன்னார்: "பாப்பா, டிரைவர்கிட்ட மெதுவா ஓட்டச் சொல்லு."

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். கப்பலை அவர் தட்டவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

தீவில் எங்களுக்கு முழுதாகக் கிடைத்தது ஒரே ஒரு நாள். மறுநாள் விடிந்ததும் கப்பல், அப்புறம் விமானம், அப்புறம் விருத்தாசலம். ஆகவே மீன் பார்க்கும் படகை முதல் நாள் மாலையே தேர்ந்தெடுத்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். துறையில் விசாரித்தேன். ஐந்து படகுகள். குறிப்பேட்டில் கோடு போட்டுப் பட்டியல் தயாரித்தேன்: புறப்படும் நேரம், எத்தனை பேர், தண்ணீரில் எவ்வளவு நேரம், நிழல் உண்டா, லைஃப் ஜாக்கெட்டின் நிலை, படகோட்டிக்குத் தமிழ் தெரியுமா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மூன்றாம் எண் படகு முதலிடம். முதலாம் எண் படகு கடைசி இடம். நீல நிறம், சீட்டில் பஞ்சு பிதுங்கியிருந்தது. அதை ஓட்டிய சேகர் என்கிற பையனுக்கு முப்பது வயதிருக்கும், ராமநாதபுரத்துப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். தமிழுக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தேன். பஞ்சுக்காக எட்டைக் குறைத்தேன்.

இரவு சாப்பாட்டில் பட்டியலைப் படித்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணன் மட்டும், "எழுதி வெச்சிருக்கறது நல்லாதான் இருக்குது டைரி. காலையில தட்டிட்டுச் சொல்றேன்," என்றார்.

காலை ஒன்பது பத்துக்குத் துறையில் நின்றோம். பட்டியலில் முதலிடம் பெற்ற மூன்றாம் எண் படகு பளபளவென்று காத்திருந்தது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி முன்பக்கம் தட்டினார். டொக். பக்கவாட்டில். டொக். ஏறி உள்ளே தட்டினார். சீட்டைத் தூக்கிவிட்டுத் தட்டினார். எஞ்சினைத் தட்டப் போனபோது படகுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். பதினொரு நிமிடம். மற்ற பயணிகள் வரிசையில் நின்று, ஏதோ அரசாங்கச் சோதனை போலிருக்கிறது என்று பயபக்தியோடு பார்த்தார்கள்.

"முழுசா டொக்கு," என்று கரையேறினார்.

எங்கள் குழுவில் மற்ற ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அக்கா, நீங்களும் வாங்க!" என்று ஒருவர் கூப்பிட்டார்.

அக்கா ஒரு காலை எடுத்துவைத்தார். அண்ணன் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "நீ இரு. நீச்சல் தெரியாதவ நீ. நல்லதா ஒண்ணு பாத்துத் தரேன்." படகு கிளம்பிப் போயிற்று. கரையில் நாங்கள் மூன்று பேர்.

இரண்டாம் எண் படகுக்கு அடியில் கண்ணாடி பதித்திருந்தார்கள். கண்ணாடி என்றதும் அண்ணன் முகம் மலர்ந்தது. "கண்ணாடின்னா நம்ம ஜாதி. தட்டுனா உண்மையைச் சொல்லிடும்." தட்டினார். சுற்றிலும் ரப்பர் அடைத்த கனமான கண்ணாடி. அது உண்மையைச் சொல்ல விரும்பவில்லை. "கண்ணாடியே டொக்குன்னா மத்ததைக் கேக்கவே வேணாம்."

நான்காவது படகுக்காரர் வங்காளி. வெயிலுக்குப் படகின் உள்ளே படுத்திருந்தார். அண்ணன் வெளியே தட்டினார். உள்ளிருந்து "ஆவோ, ஆவோ" என்று குரல் வந்தது. யாரோ கதவைத் தட்டி அனுமதி கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அண்ணன் இன்னொரு பக்கம் போய்த் தட்டினார். "ஆவோ பாய், ஆவோ!" பின்பக்கம் தட்டினார். அந்த மனிதர் எழுந்து வெளியே வந்து, உள்ளே வர மறுக்கும் இந்த விருந்தாளி யார் என்று தேடினார். அண்ணன் என்னிடம் சொன்னார்: "டொக்குதான். ஆனா மனுஷன் மரியாதை தெரிஞ்சவரு."

ஐந்தாவது படகு மரத்தில் செய்தது. தட்டினார். 'டொம்' என்றது. அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில் மூன்றாவதாக ஒரு வகை வந்து நிற்கிறது! மறுபடி தட்டினார். டொம். என்னைப் பார்த்தார். "இதை எதுல சேக்கறது டைரி?" உள்ளே இருந்தவர் தலையை நீட்டி, இது மீன் பிடிக்கிற படகு, சுற்றுலாப் படகு பக்கத்தில் நிற்பது என்றார். பக்கத்தில் நின்றது டொக். பஞ்சு பிதுங்கிய முதலாம் எண்ணும் டொக்.

மணி பதினொன்று நாற்பது. அக்கா ஒரு பாறைமேல் உட்கார்ந்து, காலைக் கடலில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை என்னைப் பார்த்து, "தம்பி, கடைசி போட்டு எத்தினி மணிக்கு?" என்று கேட்டார். ஒன்றரை. அதற்குப் பிறகு காற்று மாறிவிடும், யாரையும் விடமாட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் "ஒண்ணரைக்கு, அக்கா" என்றேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு மூன்றாம் எண் படகு திரும்பி வந்தது. எங்கள் ஐந்து பேரும் நனைந்த கோழிகள் மாதிரி இறங்கினார்கள். ஆனால் அத்தனை பேர் முகத்திலும் ஒரே வெளிச்சம். ஆளாளுக்குக் கையை விரித்துக் காட்டினார்கள். "இவ்ளோ பெருசு!" "எம் மூஞ்சிகிட்டயே வந்துச்சி!"

அக்கா எழுந்து ஓடினார். "பச்சையா? ஒதடு செவப்பா?"

"யக்கா, எல்லாக் கலரும் இருக்குது. நீங்க கேக்கறது இருந்துச்சா இல்லையான்னு கவனிக்கலியே. நீங்களே போயி பாருங்க!"

அண்ணன் அவர்களை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்தார். "ஏதோ தப்பிச்சி வந்துட்டீங்க. மாதா காப்பாத்துச்சி," என்றார்.

துறை ஓரத்தில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாத நேரத்தில் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். குறிப்பேட்டைப் புரட்டினேன். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அண்ணன் தட்டியவை எல்லாம் அதில் இருந்தன. விமானம், டொக். விடுதிக் கதவு, டொக். பிளாஸ்டிக் நாற்காலி, டொக். வாடகை ஸ்கூட்டரின் ஹெல்மெட், டொக். படகுகள் ஐந்து, டொக். இத்தனைக்கு நடுவில் 'டிங்' என்றது டீக்கடைக் கண்ணாடி டம்ளர் மட்டும். எனக்கு விஷயம் விளங்கியது.

"அண்ணே," என்றேன், "இந்தப் படகெல்லாம் பீங்கான் இல்லண்ணே. ஃபைபரு. நல்லதா இருந்தாலும் டொக்குதான் வரும். அதுக்குப் பாடவே தெரியாது."

"அதெப்டி? பொருள்னு ஒண்ணு இருந்தா சத்தம் இருக்கணுமில்ல?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சேகர் சிரித்துக்கொண்டே எழுந்தார். காலையிலிருந்து இந்த வேடிக்கையை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "வாங்கண்ணே, ஒண்ணு காட்டறேன்." கடைக்குப் பின்னால் ஒரு புத்தம் புதிய படகு கட்டைகள்மேல் கவிழ்ந்திருந்தது. சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. "முந்தாநாள்தான் கப்பல்ல வந்து எறங்குச்சி. தண்ணியே பாக்கல. தட்டுங்க."

அண்ணன் தாளை விலக்கினார். தட்டினார்.

டொக்.

சுற்றி வந்து நான்கு இடத்தில் தட்டினார். நான்கும் டொக்.

அண்ணன் தன் விரல்முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. காலையிலிருந்து அவர் ஐந்து படகையும் கழித்துக்கட்டியதை எண்ணி நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப இந்த அஞ்சையும் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார். "நல்லதா கெட்டதான்னு தெரியல. தெரியாத ஒண்ணை நான் பாஸ் பண்ணதே இல்ல டைரி. ஒரு கோப்பை ஒடைஞ்சா வேற கோப்பை. இவளை எப்டி ஏத்துறது?"

அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். காலையிலிருந்து அவர் சேர்த்துவைத்த கோபத்துக்கு நான்கு படகு கவிழும். ஆனால் நிதானமாகத்தான் பேசினார்.

"இன்னாங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப தட்டியா பாத்தீங்க?"

"உங்க அப்பா பக்கத்துலயே நின்னாரு," என்றார் அண்ணன்.

"தட்டாமதான ஏத்துக்கினீங்க?"

"அது... உங்க வூட்ல அன்னைக்கி காப்பி குடுத்த டம்ளரு டிங்குன்னு இருந்துச்சி."

சேகர் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சேகரைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, ஒன் போட்டு கெளம்புதா?"

"ஒண்ணரைக்குக் கடைசி டிரிப்பு ஆண்ட்டி. இன்னிக்கி இனிமே என்னுது மட்டும்தான். சீட்டு கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்."

"நான் சீட்டு பாக்க வரல. எனக்கு நீச்சல் தெரியாது. முழுகிட மாட்டேனே?"

"நீங்களே முழுகணும்னு ஆசைப்பட்டாலும் இந்த ஜாக்கெட் விடாது ஆண்ட்டி."

அக்கா நேராக நடந்துபோய், என் பட்டியலில் கடைசி இடம் பெற்ற நீலப் படகில் ஏறி, பஞ்சு பிதுங்கிய சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "வர்றதுன்னா வாங்க. இல்லாட்டி பையைப் பாத்துக்கினு இருங்க. நான் போயிட்டு வரேன்."

அண்ணன் கரையில் நின்றார். படகுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு அடிதான் தண்ணீர். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு பெரிய ஆற்றைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் அக்காவின் செருப்போடு ஏறிக்கொண்டேன். சேகர் எஞ்சினைத் தட்டிவிட்டார். சத்தம் கேட்டதும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே தாவாகத் தாவி உள்ளே விழுந்தார். விழுந்த வேகத்தில் முழங்கை படகில் இடித்தது. எங்கள் எல்லோருக்கும் சத்தம் கேட்டது. அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டார். என்னால் மறக்க முடியாத பெருந்தன்மை அது.

பவளப்பாறை இருக்கும் இடம் வந்ததும் சேகர் எஞ்சினை நிறுத்தினார். எட்டிப் பார்த்தால் தண்ணீர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அவ்வளவு தெளிவு. கட்டியிருந்த கைக்கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகிலேயே வைத்தேன். சேகர் ஒரு பெரிய ரப்பர் வளையத்தைத் தண்ணீரில் போட்டு, எங்கள் மூவரையும் அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வாயில் குழாய், முகத்தில் கண்ணாடி. மூக்கால் மூச்சு விடக்கூடாது, குழாயைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும், நன்றாக இருந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்ட வேண்டும் என்று ஒரு பாடம். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கையால் வளையத்தையும் இன்னொரு கையால் அக்காவின் ஜாக்கெட் பட்டையையும் பிடித்துக்கொண்டார். முகத்தைத் தண்ணீரில் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அக்கா முகத்தைக் கவிழ்த்தார்.

நானும் கவிழ்த்தேன். என்ன பார்த்தேன் என்பதைச் சொல்ல நான் லாயக்கில்லை. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒரு கூட்டம் என் கை ஓரமாகத் திரும்பிப் போனது. பாறைகள் மூளை மாதிரி, காளான் மாதிரி, சீப்பு மாதிரி. அதற்குள் மேலே ஏதோ கூச்சல். தலையைத் தூக்கினேன்.

அக்காவின் குழாயிலிருந்து விநோதமாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. 'புர்ர்... க்கும்... புர்ர்...' தோள் இரண்டும் குலுங்கின. சேகர் பதறிவிட்டார். "தண்ணி உள்ள போயிடுச்சி! தூக்குங்க, தூக்குங்க!"

"விடு தம்பி," என்றார் அண்ணன். காலையிலிருந்து கேட்காத அந்தப் பழைய நிதானம் குரலில் இருந்தது. "அவ சிரிக்கறா."

"அண்ணே, எனக்குத் தெரியும், இது மூச்சு முட்டற சத்தம்!"

"ஒனக்கு மூச்சு முட்டறது தெரியும். எனக்கு இவளைத் தெரியும். கோயில்ல ஃபாதரு பிரசங்கம் வெக்கும்போது வாயைப் பொத்திக்கினு எத்தினி தடவ இப்படி சிரிச்சிருக்கா! பக்கத்து பெஞ்சுல ஒக்காந்து நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். விடு, அவ பாக்கட்டும்."

சேகர் கையை எடுத்தார். சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு அக்கா தலையைத் தூக்கி, குழாயைத் துப்பிவிட்டு, கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாக, அண்ணன் முகத்துக்கு நேரே கத்தினார்:

"இருக்குதுங்க! பச்ச ஒடம்பு! கன்னத்துல ரோஸு! ஒதடுங்க, ஒதடு! அந்தாளு குடிக்கலங்க! பாத்துதான் போட்டிருக்கான்!"

"கிளிமீனு ஆண்ட்டி," என்றார் சேகர். "இங்க நெறையா உண்டு."

"பேரு எதுவா இருந்தா இன்னா! நம்மளுது!" அக்கா மூச்சு வாங்கினார். "ஆனா வாலுல மஞ்சள் நான் அடிக்கறதவிட கொஞ்சம் கம்மி. திங்கக்கெழம மாத்தணும். ஏங்க, நீங்களும் பாருங்க. ஒரே ஒரு தடவ."

"எனக்கு வேணாம். நீ பாத்தா போதும்."

"இருபத்திரண்டு வருஷமா தெனம் என் மீனத் தட்டிப் பாக்கறவரு நீங்க. உயிரோட ஒண்ணப் பாக்க வேணாமா?"

அண்ணன் கண்ணாடியை இறக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்தார். இரண்டு விநாடி. இருமிக்கொண்டு எழுந்தார்.

"பாத்தேன்."

"இன்னா பாத்தீங்க?"

"பச்சையா ஒண்ணு போச்சி."

"அது டைரி தம்பியோட டவுசருங்க."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வளையம் ஆடியது. அண்ணன் மறுபடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இந்த முறை அக்கா அவர் பிடரியில் கைவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மெல்ல இறக்கினார். தானும் பக்கத்திலேயே கவிழ்ந்தார். இரண்டு குழாய்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றன. முதலில் ஒன்றிலிருந்து 'புர்ர்' என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றதிலிருந்தும் வந்தது. இந்த முறை சேகர் பதறவில்லை.

அந்த நாளின் குறிப்பில் எல்லாவற்றுக்கும் நேரம் எழுதியிருக்கிறேன், இந்த ஓர் இடத்தைத் தவிர. அவர்கள் இருவரும் தோளோடு தோள் சேர்த்து எவ்வளவு நேரம் மிதந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. சேகர் போதும், காற்று மாறுகிறது என்று கூப்பிட்டபோது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று சொன்னது நான்தான்.